எதுவானாலும் சாப்பிடுவேன்

பெண் பார்க்கப் போன அன்று எங்கள் இருவருக்கும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். போளூரில் அவர்கள் வீடு. கீழே இரண்டு குடும்பமும் கேசரியை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் எடை போட்டுக்கொண்டிருந்தது. மேலே காயப்போட்டிருந்த வடகத்துக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளும் நின்றோம். சம்பாத்தியம் எவ்வளவு, கூட்டுக் குடும்பமா தனிக்குடித்தனமா, தறி வேலையெல்லாம் நானும் செய்ய வேண்டுமா என்று கேட்பாள் என நினைத்து, எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வெளியூர் போனா அங்க இன்னா கெடைக்குதோ அத்த சாப்புடுவீங்களா?"

"எதுவானாலும் சாப்புடுவேங்க," என்றேன்.

"வெளிநாடு போனாலும்?"

"எங்க போனாலும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன். அவள்தான் வேறு எதுவும் கேட்கவில்லை.

உண்மை என்னவென்றால், என் நாக்கு ஆரணியைத் தாண்டிப் போனதே கிடையாது. வேலூரில் மூன்று வருடம் கல்லூரிக்குப் போய் வந்தேன், மூன்று வருடமும் டிபன் பாக்ஸில் தயிர் சாதம். அப்பாவோடு பட்டு நூல் வாங்க பெங்களூரு போனால், எந்தத் தெருவில் தயிர் சாதம் கிடைக்கும் என்பதுதான் நான் முதலில் விசாரிப்பது. நண்பன் ஒருவன் பிறந்த நாளுக்கு பீட்சா வாங்கிக் கொடுத்தபோது மேலே இருந்ததையெல்லாம் சுரண்டி ஓரமாக வைத்துவிட்டு அடி ரொட்டியை மட்டும் தின்றேன். பிரியாணி சாப்பிடுவேன், ஆனால் ஆரணி பிரியாணி. ஆம்பூர் பிரியாணியே எனக்கு அந்நிய நாட்டுச் சாப்பாடுதான்.

இதையெல்லாம் அன்று மாடியில் சொல்லாமல் விட்டதில் எனக்குப் பெரிய உறுத்தல் எதுவும் இல்லை. பெண் பார்க்கும் இடத்தில் யார்தான் முழு உண்மை பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துத்தான் அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று தெரிந்தது.

என் மாமனார் பள்ளிக்கூட ஆசிரியர். வருடா வருடம் மே மாதம் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார். மைசூர், கொடைக்கானல், கன்னியாகுமரி. ஆனால் ஓட்டல் சாப்பாட்டைக் கையால் தொடமாட்டார். அதனால் துணிப் பைக்கு முன்னால் ஒரு கரண்ட் குக்கர் கிளம்பும், கூடவே அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் பாட்டில். எந்த ஊருக்குப் போனாலும் என் மாமியார் லாட்ஜ் அறையில் பாத்ரூம் பக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சமைப்பார். பாத்திரம் கழுவுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். கன்னியாகுமரியில் எல்லோரும் சூரியன் உதிப்பதைப் பார்க்கப் போனார்கள். மாமியார் மட்டும் போகவில்லை, குக்கரில் சாதம் இருந்தது.

"ஊருக்கு வந்தப்புறம் பக்கத்து வூட்டு அக்கா கேட்டாங்க, கன்னியாகுமரி எப்டி கீதுன்னு. எங்கம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா? 'அந்த ரூம்ல தண்ணி நல்லா வந்துச்சி'ன்னாங்க," என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எனக்கு முன்னால் வந்த இரண்டு மாப்பிள்ளைகளிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஒருவர் அம்மா கைச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளும் என்றாராம். இன்னொருவர், கூடத்தான் நீ வருவாயே, அப்புறம் என்ன கவலை என்றாராம். மூன்றாவதாக வந்தவன் நான், கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்ன ஒரே ஆள். அதற்காகத்தான் சரி என்று சொன்னாளாம். இதைக் கேட்ட இரவு எனக்குத் தயிர் சாதம்கூடச் சரியாக இறங்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய் இல்லையே என்று ஒரு குறுக்குக் கணக்குப் போட்டேன். எதுவானாலும் சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவள் சம்பளத்தில் சேர்த்து வைத்து, முதல் கல்யாண நாளுக்கு வியட்நாம் என்று டிக்கெட் போட்டாள். பன்னிரண்டு நாள், ஆளுக்கு ஒரு முதுகுப் பை, போகிற இடத்தில் கிடைக்கிற ரூம், கிடைக்கிற பஸ். கிளம்புகிற அன்று காலை என் அம்மா கரண்ட் குக்கரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். புதிது, ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. இதற்கென்றே வாங்கியிருக்கிறார்.

"அம்மா, அதெல்லாம் வேணாம்."

"ஏண்டா வேணாம்? தயிர் இல்லன்னா உனக்குத் தூக்கம் வராது, ரசம் இல்லன்னா சோறு எறங்காது. அங்க பாம்பு பல்லியெல்லாம் துன்றாங்களாம். அவ ரெண்டு அரிசி பொங்கிப் போட்டா ஆச்சி."

என் மனைவி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "யாருக்குத் தூக்கம் வராது?" என்று அம்மாவிடம் பாய்ந்தேன். என் குரலில் இருந்த கோபத்தைப் பார்த்து அம்மாவே அசந்துபோனார். குக்கர் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆரணியிலிருந்து சென்னை போகிற வரை பஸ்ஸில் நான் அந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு நிபுணனைப் போலப் பேசிக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் காலை பெரிய கிண்ணத்தில் கோழி சூப் வந்தது. உள்ளே நம் சேவை மாதிரி அரிசியில் செய்த நூடுல்ஸ், பக்கத்தில் தட்டு நிறையப் பச்சை இலை. ஆட்டுக்குக் கட்டுகிற மாதிரி இலையைக் கொத்தாகக் கொடுத்திருக்கிறார்களே என்று பார்த்தால், அவள் அதைக் கிள்ளிக் கிள்ளி சூப்பில் போட்டாள். நானும் போட்டேன். ஒரு இலை கொத்தமல்லி, ஒரு இலை புதினா, மூன்றாவது சித்த வைத்தியர் கடை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சொட்டு மீன் சாறு. கருவாட்டு மார்க்கெட்டை ஒரு பாட்டிலில் பிழிந்து ஊற்றியிருந்தார்கள்.

"எப்டி கீது?" என்றாள்.

"சூப்பர்!"

நான் சூப்பர் சொன்னால் அவள் இன்னொரு தட்டு சொல்லுவாள். இது எனக்கு உறைக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் நத்தை ஆகிவிட்டது. ஊசியால் குத்தி ஓட்டிலிருந்து சுற்றி எடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பட்டு இழையோடு மல்லுக்கட்டிய விரல்கள் என்பதால் எடுப்பதில் நான் கில்லாடி, பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எடுத்ததை விழுங்குவதுதான் பாடு. மாத்திரை போடுகிற மாதிரி நாக்கின் பின்பக்கம் வைத்துத் தண்ணீரை ஊற்றினேன். அவித்த வாத்து முட்டை ஒன்று உண்டு, உள்ளே பாதி வளர்ந்த குஞ்சோடு. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் நான் மறுபடி அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முட்டை காபி மட்டும் நிஜமாகவே பிடித்தது. மஞ்சள் கருவை நுரை வரும்வரை அடித்துக் காபியின் மேல் ஊற்றித் தருகிறார்கள். அதை மூன்று முறை குடித்தேன். மூன்றாவது முறை அவள் என்னை உற்றுப் பார்த்து, "இதுக்கு மட்டும் நீங்க சூப்பர் சொல்லவே இல்லியே?" என்றாள். கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அவள் நிஜமாகவே ரசித்துச் சாப்பிட்டாள். கடைக்காரப் பெண்களிடம் கையைக் காலை ஆட்டி என்ன, எப்படி என்று விசாரிப்பாள். சட்டியை எட்டிப் பார்ப்பாள். பிடிக்காததை முகம் சுளித்து என் கிண்ணத்துக்குத் தள்ளிவிடுவாள், நான்தான் எதுவானாலும் சாப்பிடுபவனாயிற்றே. சாப்பிட்டு முடித்ததும் ஏதாவது ஒரு திட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, "பாத்திரம் கழுவ வேணாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்க்கும்போது, இன்னும் ஒரு கூடை நத்தை வந்தாலும் வரட்டும் என்றிருக்கும் எனக்கு. அப்படியே எட்டு நாள் ஓடியது. நான் இளைத்ததில் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் டா லாட் என்ற மலையூரிலிருந்து பஸ் பிடித்து ஒரு பட்டுக் கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பின்கட்டில் விறகடுப்பின் மேல் அகலமான சட்டி, கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூடுகள் மிதந்து உருண்டன. அந்த அம்மா ஒரு குச்சியால் கிளறி, இழை நுனியைப் பிடித்து ராட்டையில் ஏற்றிக்கொண்டிருந்தார். பட்டிலேயே பிறந்து பட்டிலேயே சோறு தின்று வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் நாலு தறி, பக்கத்து முள்ளிப்பட்டு கிராமத்தில் இருபது வீட்டுக்கு நாங்கள்தான் வேலை கொடுக்கிறோம். ஆனால் எங்களுக்கு நூல் கர்நாடகத்திலிருந்து சிட்டம் சிட்டமாக, சுற்றிய கற்றைகளாக வந்து இறங்கும். கூட்டை நேரில் பார்த்தது அன்றுதான்.

பக்கத்தில் ஒரு தறி. பாதி நெய்த துணி அதில் நின்றிருந்தது. பாவில், அதன் நீளவாட்டு இழைகளில், ஒன்று அறுந்து தொங்கியது.

அறுந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக எங்கள் ஊரில் ஒருவராலும் முடியாது. கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில்கூட மாப்பிள்ளை வீட்டுத் தறியில் குனிந்துவிடுவோம். யாருடைய வீடு, எந்த நாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. குனிந்து அடுப்பு ஓரத்தில் கொஞ்சம் சாம்பலை விரலில் தொட்டேன், இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கினேன். பட்டு இழை வழுக்காமல் பிடிக்கச் சாம்பல் வேண்டும். இழை ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தால் வீட்டுக்கார அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு என் சாம்பல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் விரலைத் தூக்கிக் காட்டினார். அதிலும் சாம்பல். கைகொட்டிச் சிரித்து, உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரரும் தங்கையும் ஓடி வந்தார்கள். என்னைக் காட்டி, தறியைக் காட்டி, என்னவெல்லாமோ சொன்னார். நான் போனில் எங்கள் வீட்டுச் சேலைகளைக் காட்டினேன். மூவரும் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மா என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

"மொத தபா உங்கள நெனச்சி பெருமையா கீது," என்றாள் என் மனைவி.

"மொத தபாவா?"

அவள் பதில் சொல்வதற்குள் சாதமும் ஒரு தட்டும் வந்தன. விருந்தாளியாக வந்த சொந்தத் தொழில்காரனுக்கு அந்த வீடு செய்த மரியாதை. எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, எலுமிச்சை இலையைப் பொடியாக நறுக்கித் தூவி, தட்டு நிறையப் பட்டுப்புழு. கொஞ்சம் முன்னால் அந்தச் சட்டியில் மிதந்த கூடுகளுக்கு உள்ளே இருந்தவை. வீட்டுக்கார அம்மா தான் சாப்பிடுகிற குச்சியாலேயே எடுத்து என் சாதத்தின் மேல் வைத்தார். ஒன்று, இரண்டு என்று வைத்துக்கொண்டே போனார். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அந்த வாசனை வந்தது. எங்கள் தெரு சாயப்பட்டறையில், சாயம் ஏற்றுவதற்கு முன் நூலைச் சோப்புத் தண்ணீரில் வேக வைப்பார்களே, அப்போது எழும்புகிற பச்சைப் பட்டின் ஆவி. அச்சு அசல் அதே வாசனை. நத்தையும் வாத்தும் யாரோ எவரோ. இது எங்கள் வீட்டு முதலாளி. தலைமுறை தலைமுறையாக எங்களுக்குச் சோறு போட்டவனை நான் சோற்றில் போட்டுத் தின்ன வேண்டும்.

எட்டு தின்றேன். எட்டையும் மென்று, "சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, மெதுவாக எழுந்து பின்பக்கம் போய், புழுவுக்காக வளர்த்த முசுக்கொட்டைச் செடிகளுக்கு நடுவில் குனிந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது நாள் சூப்பரும் அதோடு வெளியே வந்துவிட்டது.

அவள் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் வந்து நின்றாள். "வயிறு சரியில்லியா?"

"வயிறு நல்லாத்தான் கீது. நான்தான் சரியில்ல. அன்னிக்கி மாடில சொன்னது பொய்."

"எது?"

"எதுவானாலும் சாப்புடுவேன்னு சொன்னது. எனக்கு ஆம்பூர் பிரியாணியே எறங்காது."

அவள் என்னையே பார்த்தாள். "நத்தை?"

"பொய்."

"வாத்து முட்டை?"

"பெரிய பொய்."

"முட்டை காபி?"

"அது மட்டும் நெசம். சத்தியமா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப இத்தினி நாளா நான் யார்கூட சாப்டுகினு இருந்தேன்?" என்றாள். வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். அப்புறம் துப்பட்டாவை எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். "வெறும் வயித்தோட எவ்ளோ நேரம் இருப்பீங்க? அந்தம்மாகிட்ட அரிசி வாங்கி எதுனா வச்சிட்டு வரேன்," என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில், அன்பும் இல்லை. சரி, இதுவும் இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்ட குரல். அதை நான் போளூரில் கேட்டிருக்கிறேன், என் மாமியாரிடம். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. புழு தின்னும்போது வராத பயம்.

"நீ உக்காரு," என்றேன்.

"உங்களுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதே?"

"தெரியாது. நீ உக்காரு."

சமையலறைக்குள் போய் வீட்டுக்கார அம்மாவிடம் கையைக் கூப்பி, வயிற்றைத் தொட்டு, அடுப்பைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு அரிசிப் பானையைத் திறந்து காட்டினார். புளி இருந்தது, பூண்டு, மிளகு, தக்காளி, கொத்தமல்லி இருந்தன. இவ்வளவும் இருந்தால் ரசம் வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆரணிக்கு வீடியோ காலில் அம்மாவைப் பிடித்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"அம்மா, ரசம் எப்டி வைக்கறது?"

"இன்னாடா ஆச்சி? மூஞ்சி ஏன் இப்டி கீது? அப்பவே சொன்னேன், குக்கர எடுத்துகினு போன்னு. கேட்டியா? அவ எங்க? போன அவகிட்ட குடு, நான் சொல்லித் தரேன்."

திரும்பிப் பார்த்தேன். அவள் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டிருந்தாள். போனை வாங்கிக்கொள்ள அவள் கை பாதி நீண்டிருந்தது.

"என்கிட்ட சொல்லும்மா," என்றேன். "நான்தான் வைக்கப் போறேன்."

"நீயா? ஏன், அவளுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறா. வச்சா சாப்புட ஆள் வேணாமா?"

அம்மா என்னை முறைத்தார். அப்புறம் போனைக் கிட்டக் கொண்டுவந்து, "புளிய சுடுதண்ணில போடுடா, ஜல்தியா ஊறும். மிளக நசுக்கு, மாவாக்கிடாத," என்று ஆரம்பித்தார். மிளகை நசுக்கிக்கொண்டிருக்கும்போது வாசற்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"யாரு உங்கள நத்தையெல்லாம் துன்னச் சொன்னது? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டிதானே?"

"நீதானே அன்னிக்கிக் கேட்ட?"

"நான் கேட்டது, எங்கம்மா மாதிரி நானும் ரூம்ல உக்காந்து பொங்கணுமான்னு. நீங்க பட்டினி கெடந்தாக்கூட எனக்கு பேஜார் இல்ல." சட்டியை எட்டிப் பார்த்து, "தக்காளிய கையால பெசைங்க," என்றாள்.

"நீ உள்ள வராத."

"வரல."

பெருங்காயம் இல்லை, கறிவேப்பிலை இல்லை, கடுகும் இல்லை. உப்பு எங்கே என்று நான் தேடுவதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா, உதவி செய்கிற வேகத்தில் மீன் சாறு பாட்டிலைச் சட்டியில் கவிழ்த்துவிட்டார். போனில் அம்மா "அய்யோ, அது இன்னாடா?" என்று அலறினார். சாதம் உருண்டை உருண்டையாகக் குழைந்து நின்றது. ரசம் கருவாட்டுக் குழம்பு மாதிரி மணந்தது. ஆனால் புளிப்பும் மிளகும் தொண்டையில் இறங்கியதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தினால் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

அவளை உட்கார வைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். நான் கரண்டியோடு பக்கத்தில் நின்றேன்.

"இந்த ஊருக்கு வந்து எத்தினியோ தெரியாத சாப்பாடு சாப்ட்டேன்," என்றாள். "இப்டி ஒண்ண சாப்ட்டதே இல்ல."

"நல்லா கீதா?"

"நல்லால்ல."

அவள் மிச்சத்தையும் குடித்து முடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காமல், காலி கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."